தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

பதுளை
23.01.2025

அன்பான ரெங்கம்மா மதினிக்கு,

விஜயலெட்சுமி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? நான் சுகம் கேட்டேன் என்பதற்காக நீங்களும் திருப்பிக் கேட்க வேண்டாம். சுகமாக இருந்தால் மனநல வார்டில் எனக்கு என்ன வேலை?

இங்கே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். உங்களுக்கும் தண்ணீர் டாங்கி மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். அதனால் நிஷாந்தினி மிஸ் தாளும் பேனையும் கொடுத்து எழுதச் சொன்னார். அவர்தான் என்னைப் பார்க்கும் நர்ஸ். ஒரு நாளைக்கு ஒரு காரியம் செய்தால் போதும் என்பது அவருடைய சட்டம். நேற்றுச் செய்த காரியம், நானே தலை வாரிக்கொண்டது. இன்றைக்கு இந்தக் கடிதம்.

நடந்ததை மறைக்காமல் எழுதச் சொல்கிறார். நிதுசன் பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போனது உங்களுக்குத் தெரியும். முதலில் அவன் அழுதால் நானும் அழுதேன். பிறகு அவன் அழுதாலும் எனக்கு ஒன்றும் வரவில்லை. அன்று காலை எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு அவனைக் குழாயடியில் துணி துவைக்கும் கல்லில் வைத்துவிட்டுத் தேயிலைக்குள் ஏறிப் போனேன். எங்கே போனேன், யார் என்னைக் கூட்டி வந்தார்கள், ஞாபகம் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவைத் திறக்க நீங்கள் வரும் வழியில் பார்த்துத் தூக்கினீர்களாம். அதற்கு நான் எப்படிக் கைமாறு செய்வேன் என்று தெரியவில்லை.

மதினி, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அவனை நினைத்தால் மனதில் ஒன்றுமே எழுவதில்லை. யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறது. இதைச் சொன்னால் மிஸ் ஏசுவார் என்று பயந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல் வந்தா சோறு கசக்குமில்ல, அது மாதிரிதாங்க. காய்ச்சல் விட்டா ருசி தானா வரும்" என்றார். வருமா என்று தெரியவில்லை. வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து உங்கள் தம்பி பேசினால் நான் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் கையை நம்பியிருக்கும்
விஜயா


மடுல்சீமை
02.02.2025

என் தம்பி பெண்டாட்டி விஜயாவுக்கு,

ரெங்கம்மாவின் ஆசீர்வாதம். முழங்கால் என் கூடப் பிறந்தது மாதிரி, அது என்னை விட்டு எங்கே போகும்? நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, கொடுக்கிற மாத்திரையைத் துப்பாமல் விழுங்கு.

உன் கடிதத்தைக் கணக்கப்பிள்ளை பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் என் பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "பைத்தியத்துக்கு எழுத வருமா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் அவள் வாயை அடைத்தேன். யாரென்று சொல்ல மாட்டேன், உனக்கு மனசு கஷ்டப்படும். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெற்ற பிள்ளையை யாரோ வீட்டுப் பிள்ளை என்கிறாயே. யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும் போனில் சொன்னேன், அவனுக்குத் தெரிய வேண்டாமா?

பிள்ளையைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். பால்மாக் குடித்துக் கன்னம் உப்பிக் கிடக்கிறான். உன் பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்குப் பிள்ளைக் காம்பராவில் மூக்குத் துடைத்திருப்பேன், என் தம்பி பிள்ளையை விட்டுவிடுவேனா? ஆனால் அன்று அந்த ஈரக் கல்லில் ஒட்டுத் துணி இல்லாமல் விறைத்துக் கிடந்தானே, அதை நினைத்துத்தான் இன்றைக்கும் இரவில் எழுந்து எழுந்து அவனைப் போர்த்துகிறேன். ஊரெல்லாம் அதைத்தான் பேசுகிறது. பேசட்டும். நீ அங்கே நிம்மதியாக இரு, அவசரப்பட்டு வராதே.

மறக்காமல் மாத்திரை போடு.
ரெங்கம்மா


பதுளை
13.02.2025

அன்பான மதினிக்கு,

இங்கே குளிர் குறைந்திருக்கிறது. முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். நான் முன்னைவிடச் சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஒட்டுத் துணி இல்லாமல் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதுதான். நிஷாந்தினி மிஸ் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "தை மாசக் குளிர்ல உங்கள வெறும் சட்டையோட கூட்டி வந்தாங்க. உங்களுக்கு ஸ்வெட்டர் இல்லையா?" என்று கேட்டார். இருந்தது, சிவப்பு ஸ்வெட்டர் என்றேன். "எங்க அது?" என்றார். எனக்கு அப்போதுதான் கண்முன்னால் வந்தது. கழற்றி அவனைச் சுற்றி, கையிரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டேன். கல் ஈரமாக இருந்தது, அதனால்தான். மிஸ் போர்வையை எடுத்து என் தோளைச் சுற்றிப் போட்டார். பிறகு, "அவ்வளவு நோய்லயும் பிள்ளைக்குக் குளிரும்னு தெரிஞ்சிருக்கு பாருங்க. அந்தத் தாய் உள்ளதான் இருக்கா. அவளக் கூப்பிட்டு எழுப்புறதுதான் நம்ம வேலை" என்றார். அன்றைக்குத்தான் மதினி, எனக்கு அவன் ஞாபகம் வந்து அழுகை வந்தது. நல்ல அழுகை.

அந்த ஸ்வெட்டர் உங்களிடம் இருக்கிறதா? ஈரத்தில் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

பால் வற்றக் கூடாது என்று மிஸ் பீய்ச்சச் சொல்லித் தந்திருக்கிறார். டாக்டர் கொடுக்கும் மாத்திரை பாலுக்குக் கெடுதல் செய்யாததாம். பீய்ச்சியதைக் கழுவும் தொட்டியில்தான் ஊற்றுகிறேன். புதன்கிழமை பிள்ளையைக் கொண்டு வந்தால் தாயோடு வைத்திருக்க விடுவார்கள். மிஸ் தொட்டில்கூட எடுத்து வைத்திருக்கிறார். தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் பக்கத்தில் நின்று மறுபடி பழக்குவாராம். காலை பஸ்ஸில் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஒரே ஒரு புதன்கிழமை கொண்டு வாருங்கள் மதினி.

வழி பார்த்திருக்கும்
விஜயா


மடுல்சீமை
09.03.2025

அன்பு விஜயாவுக்கு,

பதில் எழுதத் தாமதம் என்று கோபிக்காதே. சுகமாக இருந்தால் எழுதியிருப்பேன். ஒத்தடம் கொடுக்கக்கூட எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?

பிள்ளைக்குச் சீதளம் பிடித்து மூச்சு இழுத்தது. கண் செருகிவிட்டது. லுணுகலை டாக்டர் மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. பிறகு குறி சொல்லும் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவள் தொட்டுப் பார்த்த உடனேயே, "பெத்தவ தோஷம் பிள்ளையப் புடிச்சிருக்கு. கைமாத்தாட்டி நிக்காது" என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லவில்லை விஜயா, அவள் சொன்னது.

உனக்குத் தெரியாததா? தவிட்டுக்குக் கொடுத்து வாங்குகிற முறைதான். பெற்றவள் பிள்ளையை வேறொருத்திக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டால், கெட்டது அது தன் வீட்டுப் பிள்ளை இல்லை என்று விட்டுப் போய்விடும். உன் புருஷனையே எங்கள் சின்னம்மா தவிட்டுக்கு வாங்கியவள்தான். அவன் என்ன அவள் வீட்டிலா வளர்ந்தான்? எங்கள் அம்மா மடியில்தான் வளர்ந்தான். பேருக்கு ஒரு சடங்கு, அவ்வளவுதான். நானே வாங்கிக்கொள்கிறேன். பதுளைக் கடையிலிருந்து மாட்டுக்கு வாங்கிய தவிடு இருக்கிறது, உன் வீட்டுக் காம்பரா வாசலில் அளந்து வைக்கிறேன்.

பெற்றவள் வாயால் மூன்று தரம் சொல்ல வேண்டும். நீ வர முடியாது. ஆகவே உன் கையால் எழுதி அனுப்பு. "இவன் என் பிள்ளை இல்லை, ரெங்கம்மாவுக்குத் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று மூன்று தரம். நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருக்காதே, படித்தவர்களுக்கு இதெல்லாம் சிரிப்பு. நீ தாமதித்தால் அதன் பலனை நீதான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஸ்வெட்டர் எதுவும் நான் பார்க்கவில்லை.

ரெங்கம்மா


பதுளை
13.03.2025

மதினிக்கு,

சுகம் விசாரிக்கக்கூட எனக்கு மனம் ஓடவில்லை. மூச்சு இப்போது எப்படி இருக்கிறது? மிஸ்ஸிடம் சீதளம் என்று மட்டும் சொன்னேன், உடனே இங்கே கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். தவிட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நான் பைத்தியம் என்று எழுதி வைத்திருப்பவர்களிடம் இதையும் எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்டது கீழே.

இவன் என் பிள்ளை இல்லை, ரெங்கம்மாவுக்குத் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.
இவன் என் பிள்ளை இல்லை, ரெங்கம்மாவுக்குத் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.
இவன் என் பிள்ளை இல்லை, ரெங்கம்மாவுக்குத் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

முதல் தரம் எழுதும்போது கை ஓடியது. மூன்றாவது தரம் ஓடவில்லை. அதைப் பார்த்தால், அவன் மறுபடி என் பிள்ளையாகிவிட்டான் போலிருக்கிறது. சடங்கு முடிந்து அவன் தேறியதும் புதன்கிழமை கொண்டு வாருங்கள்.

விஜயலெட்சுமி


பதுளை
03.04.2025

மதிப்புக்குரிய ரெங்கம்மா அவர்களுக்கு,

வணக்கம். விஜயலெட்சுமியைப் பராமரிக்கும் தாதி நிஷாந்தினி எழுதுகிறேன். நீங்களும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தம்பி மனைவி நன்றாகத் தேறிவிட்டார். தூங்குகிறார், வார்டில் மற்றவர்களுக்குத் தலை பின்னிவிடுகிறார், சிரிக்கிறார். பிள்ளை பெற்ற பிறகு வரும் இந்த மனச்சோர்வு ஒரு நோய். அவருடைய குணம் அல்ல, பாவமும் அல்ல, பேயும் அல்ல. மருந்தும் தூக்கமும் வீட்டாரின் ஆதரவும் இருந்தால் மாறிவிடும். மருந்தையும் தூக்கத்தையும் நாங்கள் கொடுத்துவிட்டோம். மூன்றாவது உங்களிடம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு புதன்கிழமையும் காலையிலேயே குளித்து, வார்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். பஸ் வரும் நேரம் தாண்டிய பிறகு எழுந்து வந்து தொட்டில் துணியை மடித்து வைக்கிறார். நான் அதை எடுத்து வைத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் மிஸ், ரோடு மோசம்" என்று உங்களுக்காக அவரே பேசினார். பால் குறைந்துகொண்டு வருகிறது.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டு அழைத்துச் செல்ல ஒருவர் வர வேண்டும். அவர் கணவரின் எண்ணுக்குப் பலமுறை எடுத்தேன், வேலை நேரம் என்றார். தயவுசெய்து நீங்கள் வாருங்கள். பிள்ளையை மறுபடி கையில் வாங்கும்போது அவருக்குத் தடுமாற்றம் இருக்கும். பக்கத்தில் இருந்து உதவுங்கள், அவருக்காக நீங்கள் செய்துவிடாதீர்கள். அதுதான் வித்தியாசம்.

அன்புடன்
நிஷாந்தினி


மடுல்சீமை
21.04.2025

மரியாதைக்குரிய மிஸ்ஸுக்கு,

சித்திரைப் புதுவருஷம் உங்களுக்கு நல்லபடி பிறந்திருக்கும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம்.

பெரிய படிப்புப் படித்தவர் எங்களைப் போன்றவர்களுக்கு இத்தனை நீளம் எழுதியதற்கு நன்றி. தடிமனும் சளியும் பிடித்த பிள்ளையை இந்த ரோட்டில், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு, பைத்தியங்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வரச் சொல்கிறீர்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறதா மிஸ்? இருந்தால் கொண்டு வருவீர்களா?

நோய் என்கிறீர்கள், சரி. எனக்கு ஒன்று விளங்கவில்லை. "யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறது" என்று அவள் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. நீங்கள்தான் எழுத வைத்தீர்களாம். அப்படி எழுதிய கையில் பிள்ளையைக் கொடுத்து, நாளைக்கு அவள் மறுபடி குழாயடிக்குப் போனால், யார் பதில் சொல்வது? நீங்கள் பதுளையில் இருப்பீர்கள். சின்னராசா இங்கே இருப்பான்.

பிள்ளைக்கு இப்போது எங்கள் அப்பா பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அப்பாவே வந்து பிறந்த மாதிரி அதே நெற்றி. வருஷப் பிறப்புக்குத் தம்பி வந்து அவனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு போனான். அவனுக்கும் அக்கா சொல்வது சரி என்றுதான் பட்டது. அவளை அழைத்துப் போக அவள் பக்கத்தில் சித்தி ஒருத்தி பெரகலயில் இருக்கிறாள். அங்கே எழுதுங்கள்.

இப்படிக்கு
ரெங்கம்மா


பெரகல
19.05.2025

அன்பான நிஷாந்தினி மிஸ்ஸுக்கு,

நலமா மிஸ்? வார்டில் என் கட்டிலுக்கு யார் வந்திருக்கிறார்கள்? நான் இராக்கம்மா சித்தி வீட்டில் இருக்கிறேன். மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் படித்து நீங்கள் பயப்படக் கூடாது.

நீங்கள் அனுப்பி வைத்த வாரமே சித்தியோடு மடுல்சீமைக்குப் போனேன். என் காம்பராவில் வேறு பூட்டு. பிள்ளைக் காம்பராவுக்குப் போனோம். மதினி இடுப்பில் அவன் இருந்தான், கன்னத்தில் இவ்வளவு பெரிய பொட்டு. "சத்தம் போடாதீங்க, மத்தப் பிள்ளைங்க தூங்குது" என்றார் மதினி. நான் கையை நீட்டினேன். நீங்கள் சொன்னபடி மெதுவாக, சிரித்துக்கொண்டுதான் நீட்டினேன் மிஸ். அவன் என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதான். அவன் அழுததும் இத்தனை நாள் வற்றிக்கொண்டு வந்த பால் சுரந்து சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மலையிலிருந்து கொழுந்து நிறுக்க இறங்கிய பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தி துண்டை எடுத்து என் மேல் போட்டாள். மதினி, "பாத்தீங்களா, எப்படிப் பயப்படுறான்" என்று அவன் முகத்தைத் தோளில் மறைத்துக்கொண்டார்.

தோட்டத் தலைவரைக் கூப்பிட்டார்கள். மதினி என் கடிதங்களைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். முதல் கடிதத்தை அவர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பிறகு ஒன்றை வாசித்தார். அதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. பிள்ளை சாகக் கிடக்கிறான் என்று நினைத்து, இவன் என் பிள்ளை இல்லை, தவிட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று மூன்று தரம் எழுதினேன். எங்கள் பக்கத்துச் சடங்கு. வாங்கியவள் அன்றைக்கே திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். திருப்பிக் கொடுக்காத ஒருத்தியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"கையால எழுதிக் குடுத்துட்டு இப்ப வந்து கேட்டா எப்படிம்மா?" என்றார் தலைவர். புருஷனைக் கேட்போம் என்று எல்லோரும் டாங்கி மேட்டுக்கு ஏறினோம். மதினி முன்னால் பிள்ளையோடு, நான் கடைசியில். போனைச் சத்தமாகப் போட்டார்கள். "அக்கா சொல்றபடி செய்யுங்க, எனக்கு இப்ப வேலை நேரம்" என்றார் அவர். என்னிடம் பேச வேண்டும் என்று கேட்கவில்லை.

அன்று மாலையும் மாத்திரை போட்டுத்தான் படுத்தேன் மிஸ். எனக்குக் குணமாகிவிட்டது என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. முன்பு வலிக்கவில்லை, இப்போது வலிக்கிறது.

விஜயலெட்சுமி


பதுளை
24.05.2025

அன்பான விஜயலெட்சுமிக்கு,

உங்கள் கட்டிலுக்கு இன்னொரு தாய் வந்திருக்கிறார். தொட்டிலும் அங்கேயே இருக்கிறது, அதில் பிள்ளையும் இருக்கிறது. நான் நலம்.

எழுதுவதும் ஒரு மருந்து என்றுதான் எனக்குப் படிப்பித்தார்கள். அந்த மருந்தை எடுத்து இன்னொருவர் உங்கள் மேலேயே வீசுவார் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அந்த அம்மாவின்மேல் கோபமாக இருக்கிறது. கோபத்தோடு எழுதக் கூடாது என்று ஒரு நாள் தள்ளி எழுதுகிறேன், அப்படியும் போகவில்லை.

பிறப்புச் சான்றிதழில் தாய் என்று இருப்பது உங்கள் பெயர், பிள்ளையின் பெயர் நிதுசன். எந்தத் தலைவரும் அதை மாற்ற முடியாது. இலவசமாக வழக்குப் பேசும் ஒருவரின் எண்ணை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரின் அறிக்கை நான் எடுத்துத் தருகிறேன், கூப்பிட்டால் வந்து சொல்லவும் தயார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றத் தாய் அழுதால் பாசம் என்பார்கள், நீங்கள் அழுதால் நோய் என்பார்கள். மற்றவள் கத்தினால் நியாயம், நீங்கள் கத்தினால் பைத்தியம். அநியாயம்தான். ஆகவே அழ வேண்டியதை என்னிடம் வந்து அழுங்கள். அங்கே அழாதீர்கள். கிளினிக் நாளைத் தவறவிட வேண்டாம்.

என்றும் உங்கள் பக்கத்தில்
நிஷாந்தினி


மடுல்சீமை
29.06.2025

விஜயாவுக்கு,

நீ வழக்குப் போட்ட கோட்டுக் கடதாசி வந்தது. நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். இங்கே சின்னராசா குப்புற விழுந்து நீந்துகிறான்.

உன் நோய் எப்படிப் போனது என்று யோசித்தாயா? மாத்திரையால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பிள்ளை கைமாறிய பிறகுதான் நீ தலை நிமிர்ந்தாய். நீ தேறிவிட்டாய் என்று உன் மிஸ் எழுதியதும் அதற்குப் பிறகுதான். சுகம் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்றால் எப்படி? ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போய்விட்டது.

எனக்குத் தங்காமல் போன பிள்ளைகளை லயத்து வீடுகளுக்குப் பின்னால் புதைத்தார்கள். மூன்று. மறுநாள் பெரட்டுக்குப் போனேன். எனக்கு எந்த நர்ஸும் தாளும் பேனையும் கொண்டு வரவில்லை. எந்தக் கட்டிலிலும் யாரும் வந்து உட்காரவில்லை. மலடி என்று புருஷன் போனான். ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தே கிழவியாகப் போகிறேன் என்று இருந்தவளுக்கு, நீ கல்லில் வைத்துவிட்டுப் போனதை நான் எப்படி எடுத்துக்கொள்வேன்? கொடுத்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

திருப்பித் தா என்கிறாய். உன் வாசலில் வைத்த தவிட்டை எங்கள் மாடு தின்றுவிட்டது. மாட்டு வயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டு வா, பிள்ளையைத் தருகிறேன்.

ஆனாலும் நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. வழக்கை விட்டுவிட்டுத் தீபாவளிக்கு வா. முறைப்படி என் தம்பி பெண்டாட்டி அவனுக்கு அத்தை. உன்னை அத்தை என்று கூப்பிடப் பழக்கி வைக்கிறேன்.

ரெங்கம்மா


பெரகல
04.09.2025

ரெங்கம்மா மதினிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? கோட்டுப் படிகளில் நீங்கள் இறங்கியதைப் பார்த்தேன், கம்பியைப் பிடிக்கக்கூட மறந்துவிட்டீர்கள். நாங்கள் இரண்டு பேரும் சுகம். நாங்கள் என்று எழுத எனக்கு எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

என் கடிதங்கள் என்னைக் கொன்றுவிடும் என்றுதான் அன்றைக்குப் போனேன். நிஷாந்தினி மிஸ் வந்து நின்று, அந்த முதல் கடிதம் நோயின் அடையாளம், அதை எழுதியது குணமாவதன் அடையாளம் என்று சொன்னார். நீதவான் கேட்டுக்கொண்டார். பிறகு தவிட்டுக் கடிதம் வந்தது. நீதவானுக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்தவர் திணறிவிட்டார். தவிடு என்றால் மாடு தின்பதா என்று நீதவான் கேட்டார். ஆமாம் என்றார். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டார். ஒரு படி என்றார். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள் மதினி. போலீஸ்காரர்கூடச் சிரித்தார். என் பிள்ளையின் விலையைக் கேட்டுச் சனம் சிரித்த அந்தச் சிரிப்புத்தான் என் வழக்கை வென்றது. எனக்கும் சிரிப்பு வந்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

போலீஸ்காரம்மா உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்ததையும் பார்த்தேன். அப்போது நான் அழவில்லை. மிஸ் அங்கே அழக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

பெரகல வரும்வரை அவன் பஸ்ஸில் கத்தினான். இன்றைக்கும் சித்தி வேலை செய்யும் கடைக்கு யாராவது உங்கள் குரலில் பேசிக்கொண்டு வந்தால் தலையைத் திருப்பித் தேடுகிறான். பால் இல்லை, அது அன்றைக்குப் பிள்ளைக் காம்பராவில் சுரந்ததோடு போய்விட்டது. பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் என் கையைத் தட்டிவிட்டு உங்களைத் தேடுகிறான். அழுது களைத்த பிறகு வேறு வழியில்லாமல் என் தோளில் படுக்கிறான். படுக்கட்டும். நானும் வேறு வழியில்லாமல்தான் எழுந்தேன்.

பிள்ளைக்காகவாவது உங்களைப் பார்க்க விட வேண்டும் என்று மிஸ் சொல்கிறார். அவர் பெரிய மனசுக்காரர். எனக்கு எல்லாம் குணமாகிவிட்டது, அந்த இடம் மட்டும் இன்னும் குணமாகவில்லை.

பார்க்க வேண்டும் என்று நீங்கள் மூன்று பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். சரி. இவன் என் பிள்ளை இல்லை என்று உங்கள் கையால் மூன்று தரம் எழுதி அனுப்புங்கள். சடங்குக்குத்தான், பேருக்கு. வந்து சேர்ந்ததும் எந்த நாள் என்று யோசிக்கிறேன்.

நிதுசனின் அம்மா
விஜயலெட்சுமி


மடுல்சீமை
21.09.2025

விஜயலெட்சுமிக்கு,

நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். பால்மாக் கரைக்கும் தண்ணீரை நன்றாக ஆற வையுங்கள், அவனுக்கு நாக்கு பொத்துப்போகும். இடது பக்கம் சாய்த்தால்தான் தூங்குவான்.

இவன் என் பிள்ளை இல்லை.
இவன் என் பிள்ளை இல்லை.
இவன் என் பிள்ளை இல்லை.

கணக்கப்பிள்ளையிடம் தபாலுக்குக் கொடுத்தால் பிரித்துப் பார்ப்பார்கள் என்று லுணுகலைக்குப் போய்ப் போடுகிறேன். இதோடு ஒரு பொதியும் வருகிறது. சிவப்பு ஸ்வெட்டர். அன்றைக்குக் கல்லில் அவனைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சை அவிழ்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தீர்கள். உள்ளே அவன் சூடாகத்தான் இருந்தான்.

எந்த நாள் என்று யோசிக்கிறேன் என்றீர்கள். சொல்லும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. புதன்கிழமை காலை பஸ்ஸில் வந்து பெரகல சந்தியில் நிற்கிறேன். கொண்டு வராவிட்டால் பரவாயில்லை. அடுத்த புதனும் வந்து நிற்பேன்.

நிதுசனின் அத்தை
ரெங்கம்மா